பித்தம் எங்கே போகிறது? – வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

பித்தப்பைக் கல் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒப்பரேஷனுக்குப் பிறகு வரும் பிரச்சினைகளைப் பற்றியவை. அதிலும் பித்தநீர் போகும் வழியைக் காட்டும் 'ஹைடா ஸ்கான்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஸ்கானை எடுக்கும் காமா கமரா அறையில் வேலை செய்தே என் தலை நரைத்தது என்பதால், இந்த இதழை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. கமரா விட்டு, நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். அடுத்த நாளே வீட்டுக்கு விட்டார்கள். முதல் இரண்டு நாளும் நன்றாக இருந்தார். கஞ்சி குடித்தார், மாடிப்படி ஏறினார். பிறகு வயிறு ஊதத் தொடங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்கிறார். லேசான காய்ச்சலும் இருக்கிறது. திரும்ப வாட்டில் சேர்த்திருக்கிறோம். வயிற்று ஸ்கானில் ஈரலுக்குக் கீழே தண்ணீர் தெரிகிறதாம். இப்போது அணுக்கதிர் மருந்து ஏற்றி ஹைடா ஸ்கான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா பயந்து அழுகிறார். சித்தப்பா, சி.டி. எடுத்தால் போதும், இது வேண்டாம் என்கிறார். என்ன செய்வது டொக்டர்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகள், நீங்கள் இலக்கம் தந்திருந்தபடியால் கடிதம் கிடைத்த அன்றே உங்களோடு கதைத்தேன். இப்படியான விஷயம் இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஸ்கானுக்குச் சம்மதியுங்கள் என்றுதான் சொன்னேன். அந்த அந்தரத்தில் விளங்கப்படுத்த நேரம் கிடைக்கவில்லை. இதே நிலையில் நிற்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நம் ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. 1882 இல் பேர்லினில் கார்ல் லங்கன்பூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலாக அந்தப் பையை வெட்டி எடுத்தார். பை இல்லாமலும் மனிதர் சுகமாக வாழலாம் என்பது அப்போதிருந்தே தெரியும். ஆனால் பை போன பிறகும் ஈரல் சுரப்பதை நிறுத்தாது. பித்தநீர் பிரதான குழாய் வழியாக நேரே சிறுகுடலுக்கு இறங்கும். பையை அந்தக் குழாயோடு இணைத்த காம்பைத்தான் ஒப்பரேஷனில் கிளிப் போட்டு மூடி வெட்டுகிறார்கள். கிளிப் நழுவினாலோ, பை ஒட்டியிருந்த ஈரல் பரப்பில் நூல் போன்ற ஒரு சிறு குழாய் திறந்துகொண்டாலோ, பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். அரிதாகப் பிரதான குழாயே காயப்படுவதும் உண்டு. கமரா முறை ஒப்பரேஷனில் அது ஆயிரம் பேரில் மூன்று முதல் ஆறு பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருவர் நம் அம்மாவாக இருந்தால் சதவீதக் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

பித்தம் கசிந்தால் வயிற்று நோ தாங்க முடியாமல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. கிருமி சேராத பித்தநீர் பல வேளைகளில் சத்தமில்லாமல் தேங்கும். வயிறு கனக்கும், ஊதும், பசி போய்விடும், ஒரு மாதிரியாக இருக்கிறது என்பார்கள். இரத்தப் பரிசோதனைகூட முதலில் பெரிதாக மாறாது. கிருமி சேர்ந்த பிறகுதான் காய்ச்சலும் நடுக்கமும் வரும். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி, "முதல் இரண்டு நாளும் நன்றாக இருந்தார், பிறகு வயிறு ஊதத் தொடங்கியது" என்பது. கமரா முறையில் பை எடுத்தவர் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சமாவது தெம்பாக வர வேண்டும். நன்றாக இருந்தவர் திரும்பப் படுக்கையில் விழுந்தால், அது காஸ், வயசு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று யார் சொன்னாலும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் திரும்ப வாட்டில் சேர்த்தது மிகச் சரி.

இனி ஸ்கானுக்கு வருவோம். சாதாரண வயிற்று ஸ்கானில் தண்ணீர் தெரியும். அது என்ன தண்ணீர் என்று தெரியாது. ஒப்பரேஷன் நடந்த இடத்தில் கொஞ்சம் நீரோ இரத்தமோ தேங்குவது வழக்கம். தானாகவே வற்றியும் விடும். சித்தப்பா சொல்லும் சி.டி.யும் நல்ல பரிசோதனைதான். தண்ணீர் எங்கே, எவ்வளவு, சீழ் கட்டியிருக்கிறதா, குடலில் ஏதாவது நடந்திருக்கிறதா என்பதையெல்லாம் அது அழகாகக் காட்டும். ஆனால் சி.டி.யிலும் பித்தநீரும் மற்ற நீரும் ஏறக்குறைய ஒரே நிறம். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் சுவர் ஊறினால் அது மழைத்தண்ணியா, மேல்வீட்டுக் குளியலறைக் குழாயா என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்வீட்டுக் குழாயில் சாயத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹைடா செய்வது அதைத்தான்.

அதில் ஏற்றும் மருந்தை ஈரல் தன்னுடைய பித்தப் பொருள் என்று நினைத்து இரத்தத்திலிருந்து இழுத்துப் பித்தநீரோடு சேர்த்து வெளியே விடுகிறது. இப்போது அதிகம் பாவிப்பது மெப்ரோபெனின். அதோடு தெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் ஒட்டப்பட்டிருக்கும். பித்தநீர் எங்கே போகிறதோ அங்கே தெக்னீசியமும் போகும். வெளியே நிற்கும் காமா கமரா அதிலிருந்து வரும் கதிரைப் பிடித்துப் படமாக்கும்.

அம்மாவுக்கு இதை இப்படிச் சொல்லுங்கள்: கையில் ஒரு ஊசி, செலைன் ஏற்றும் அதே கெனியுலாவில்கூடப் போடலாம். ஏற்றும்போது சூடும் வராது, எரிவும் வராது. பிறகு ஒடுங்கிய கட்டிலில் நிமிர்ந்து படுக்க வேண்டும். பெரிய தட்டையான கமரா வயிற்றுக்கு மிகக் கிட்ட வந்து நிற்கும். எம்.ஆர்.ஐ. மாதிரி நீளக் குகைக்குள் போகத் தேவையில்லை, அந்தச் சத்தமும் இல்லை. ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பதுதான் கஷ்டம், அதுவும் வயிறு ஊதியிருக்கும்போது. முழங்காலுக்குக் கீழே தலையணை கேளுங்கள், அறை குளிரும் என்பதால் ஒரு போர்வையும் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்காமல் நடுங்கிக்கொண்டு கிடந்த எத்தனையோ அம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன்.

திரையில் நடப்பதைப் பார்க்க முடிந்தால் உங்கள் பயம் பாதி போய்விடும். முதலில் இதயம் மங்கலாகத் தெரிந்து மறையும். ஐந்து நிமிடத்துக்குள் ஈரல் முழுதாகத் துலங்கி வரும், அடி அகலமாகவும் நுனி இடப்பக்கம் ஒடுங்கியும். கொஞ்ச நேரத்தில் அதன் நடுவிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கும். அதுதான் பித்தக்குழாய். பிறகு அந்தக் கோடு சிறுகுடலில் போய் வளைந்து, சுருண்டு, இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கசிவு இருந்தால் வேறு ஒன்று நடக்கும். பை இருந்த பள்ளத்தில் ஒரு பொட்டு தோன்றும். அடுத்தடுத்த படங்களில் அது பெரிதாகும். குடலின் வளைவுகளைப் போல் அது நகராது, ஈரலின் ஓரமாகப் படர்ந்து வயிற்றின் வலப்பக்கச் சரிவில் வழியும். ஈரல் வெளிறிக்கொண்டு போகப் போக அந்தக் கறை கடுமையாகும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

சில கசிவுகள் மெதுவானவை. முதல் மணித்தியாலத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டு, நான்கு மணித்தியாலம் கழித்து இன்னொரு படம் எடுப்பார்கள். சில நேரம் மறுநாளும் கூப்பிடுவார்கள். "திரும்பக் கூப்பிடுகிறார்களே, ஏதோ பெரிதாக இருக்கிறது போல" என்று பதற வேண்டாம். பொறுமையாகப் பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அம்மாவின் வயிற்றில், தேங்கியதை வெளியே எடுக்கும் ட்ரெய்ன் குழாய் போட்டிருந்தால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். குழாயின் முனையில் தொங்கும் பையும் கமராவின் பார்வைக்குள் இருக்க வேண்டும். கசிந்த பித்தம் முழுவதும் குழாய் வழியே பைக்குள் போய்விட்டால் வயிற்றில் கறையே தெரியாது, கட்டில் ஓரத்தில் தொங்கும் பைதான் ஒளிரும். இதைக் கமரா இயக்குபவர்கள் அறிவார்கள். இருந்தாலும் வாட்டிலிருந்து கூட்டிப்போகும்போது, "ட்ரெய்ன் இருக்கிறது" என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, நோவுக்குப் போடும் ஊசி. மோர்பின், பெதடின் போன்ற மருந்துகள் பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயை இறுக்கிவிடும். அப்போது மருந்து குடலுக்குப் போகாமல் நின்று, இல்லாத அடைப்பு இருப்பதுபோல் படம் வரும். ஆகவே ஸ்கானுக்கு முன் ஆறு மணித்தியாலமாவது அவற்றைத் தவிர்ப்பார்கள். நோவு தாங்க முடியாமல் போட்டிருந்தால், எத்தனை மணிக்குப் போட்டது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். சாப்பாடும் நான்கு மணித்தியாலமாவது இருக்கக் கூடாது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் இதை முன்கூட்டியே நேர்ஸிடம் சொல்லுங்கள்.

இந்த ஸ்கானால் எல்லாம் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பித்தம் கசிகிறதா, குடலுக்குப் போகிறதா என்பதற்கு இதைப்போல் தெளிவான பதில் கிடைப்பது அரிது. எந்தக் குழாயில், எந்த இடத்தில் ஓட்டை என்று விரல் வைத்துக் காட்ட இதன் படத்துக்குக் கூர்மை காணாது. கூடவே சி.டி.யும் சேர்த்து எடுக்கும் கமராவாக இருந்தால் ஓரளவு கிட்டப் போகலாம். இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) அல்லது ஈ.ஆர்.சி.பி. தேவைப்படும். ஈ.ஆர்.சி.பி.யில் சிகிச்சையும் சேர்ந்தே நடக்கும். வாய்வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாயின் வாயில் ஸ்டென்ட் என்ற ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை வைப்பார்கள். பித்தம் குடலுக்கு இலகுவாக இறங்கும் வழி கிடைத்ததும் ஓட்டையை நோக்கிப் போகாது. காம்பிலிருந்தோ ஈரல் பரப்பிலிருந்தோ வரும் கசிவுகளில் பெரும்பாலானவை இப்படியே ஆறிவிடும், வயிற்றைத் திரும்பத் திறக்கத் தேவையில்லை. தேங்கியதை ட்ரெய்ன் வழியாக எடுப்பார்கள். சில கிழமைகள் கழித்து ஸ்டென்டை எடுக்கத் திரும்பப் போக வேண்டும். சுகமான பிறகு சிலர் அதை மறந்துவிடுகிறார்கள். விட்டால் அது அடைத்துக்கொண்டு செங்கண்மாரியும் காய்ச்சலும் வரும். திகதியைக் கலண்டரில் குறித்துவிடுங்கள்.

பிரதான குழாய் வெட்டுப்பட்டிருந்தால் கதை வேறு. மருந்து ஈரலிலேயே நிற்கும், குடலில் ஒரு துளியும் தெரியாது, அல்லது ஊறியதெல்லாம் வயிற்றுக்குள்ளேயே வழியும். அப்படியானால் ஈரல், பித்தக்குழாய் சத்திரசிகிச்சையில் தேர்ந்த ஒருவரிடம் அம்மாவை அனுப்பும்படி கேளுங்கள். அது யாரையும் குறை சொல்வதாகாது. குழாயைக் குடலோடு திரும்பப் பொருத்தும் வேலை, அதை அடிக்கடி செய்பவர்களின் கையில்தான் நன்றாக அமையும். நல்ல சத்திரசிகிச்சை நிபுணர்கள் அவர்களாகவே அனுப்பிவைப்பார்கள்.

கடைசியாக, அம்மாவைப் பயமுறுத்தும் கதிர். இந்த ஸ்கானில் உடம்புக்குச் சேருவது, கதிரை அளக்கும் அலகில், சுமார் 3 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடத்தில் இயற்கையாகச் சேருவது உலகச் சராசரியில் 2.4. சித்தப்பா பரிந்துரைக்கும் வயிற்று சி.டி.யில் சாதாரணமாக 8 அளவில் சேரும். கதிருக்குப் பயந்து ஹைடாவை விட்டுச் சி.டி.க்குப் போகச் சொன்னால் கணக்குத் தலைகீழாகிறது. தேவைப்பட்டால் இரண்டையும் எடுக்கத்தான் வேண்டும், இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு. தெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் அதே நேரம் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதிலும் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். வயிற்றுக்குள் தேங்கும் பித்தத்தில் கிருமி பிடித்தால் வரும் ஆபத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கவே முடியாது.

இந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. பேராதனை மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையும் பலர் அறிந்தவை. வாட்டிலிருந்து அம்புலன்ஸில் கொண்டுபோய் எடுத்துவர வேண்டியும் வரலாம். தெக்னீசியத்தை மாதக்கணக்கில் வாங்கி வைக்க முடியாது. மொலிப்டினம் என்ற தாய்ப்பொருளை அடைத்த, ஜெனரேட்டர் எனப்படும் பெட்டியிலிருந்து காலையில் கறந்து எடுப்பது அது. அந்த மொலிப்டினமும் 66 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் திகதியும் நேரமும் இறுக்கமாகக் கொடுக்கிறார்கள். டயக்னோசிஸ் கார்ட், பழைய ஸ்கான் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டுக்கொண்டு நேரத்துக்குப் போங்கள். அம்மாவுக்குச் சிங்களம் வராவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். "எங்கே நோ? எப்போதிலிருந்து?" என்ற கேள்விக்கு அம்மா தலையை ஆட்டிவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: பிள்ளைக்கு நாலு மாதம். எனக்குப் பித்தப்பை எடுத்து ஒரு கிழமையாகிறது. கண் மஞ்சளாக இருக்கிறது என்று ஹைடா ஸ்கான் எழுதியிருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கலாமா? பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்கலாமா? மாமி ஒரு கிழமைக்குத் தொடவே வேண்டாம் என்கிறார்.
– வாசகி, வத்தளை

பதில்: ஒரு கிழமை பிரித்து வைக்கத் தேவையே இல்லை, மகள். மாமி பேரப்பிள்ளை மேலுள்ள பாசத்தில் சொல்கிறார், கோபிக்காதீர்கள். ஆனால் தாய்ப்பால் கொடுப்பதை, ஊசி போட முன்னரே, அங்குள்ள வைத்தியரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். படிவத்தில் எழுதியிருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள். இந்த மருந்து பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. சில இடங்களில் ஒன்றும் நிறுத்த வேண்டாம் என்பார்கள், சில இடங்களில் சில மணித்தியாலம் பொறுக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். போவதற்கு முன் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, ஒரு வேளைக்குக் காணுமளவு எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் நிம்மதி. அன்று பின்னேரம்வரை மடியில் வைத்தே இருக்காமல் மாமியிடம் கொஞ்சம் கொடுங்கள். இரவு வழக்கம்போல் படுக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மலசலகூடம் போனால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். திரும்பக் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

கண் மஞ்சளைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். கல் ஒன்று குழாய்க்குள் இறங்கியிருக்கலாம், கிளிப் குழாயை நெரித்திருக்கலாம். சலம் பிளேன்டீ நிறத்துக்கு வந்து, மலம் வெளிறி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ஸ்கான் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் இரத்தத்தில் கூடக்கூட ஈரல் மருந்தை இழுப்பது குறையும், படமும் தெளிவில்லாமல் போகும். உங்கள் வைத்தியர் நேரே எம்.ஆர்.சி.பி.க்கு மாற்றினால், ஏன் மாற்றுகிறார்கள் என்று குழம்ப வேண்டாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர். சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுது. சி.டி.க்கு ஏற்றும் மருந்து எனக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். இறால், நண்டு சாப்பிட்டாலும் உடம்பு தடிக்கும். ஹைடாவில் ஏற்றுவதும் அதே மருந்துதானா?
– வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை ஐயா, முற்றிலும் வேறு. சி.டி.க்கு ஏற்றுவதில் அயடீன் இருக்கிறது, அளவும் அதிகம். ஹைடா மருந்தில் அயடீன் இல்லை, அளவும் ஓரிரு மில்லிலீற்றருக்குள் அடங்கும். சிறுநீரகத்தை அது பழுதாக்காது. உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ஒவ்வாமை மிக அரிது, என்றாலும் இறால் விஷயத்தையும் சொல்லிவையுங்கள். வெறும் வயிற்றோடு போகும் நாளில் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒன்றுதான் கவலை.

கேள்வி: வயது 42. பித்தப்பை எடுத்து ஒரு வருடமாகிறது. முன்பு வந்த அதே நோ இப்போதும் வருகிறது, சாப்பிட்ட பிறகு நெஞ்சுக்குழியில். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் சரி என்கிறார்கள். ஹைடா ஸ்கானில் பித்தக்குழாயின் வாய் இறுகியிருக்கிறதா என்று பார்க்கலாமாம், அதை வெட்டிவிட்டால் நோ போய்விடுமாம். நானே காசு கட்டி எடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இப்போதைக்குக் காசைக் கையில் வைத்திருங்கள்.

நோ இருப்பதை நான் சந்தேகிக்கவில்லை. பையை எடுத்த பிறகும் நோ தொடரும் பெண்கள் எத்தனையோ பேரை, "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. ஆனால் நோவுக்குக் காரணம் தேடும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். முதல் கேள்வி: குழாயில் கல் இருக்கிறதா? அதற்கு ஹைடா நல்ல கருவி இல்லை. சின்னக் கல் பித்தத்தை முழுதாக மறிக்காமல் இருந்தால் படம் சரியாகவே வந்துவிடும். எம்.ஆர்.சி.பி. அல்லது எண்டொஸ்கோப் முனையில் பொருத்திய ஸ்கான் அதை நன்றாகக் காட்டும். ஈரல் பரிசோதனைக்கு நீங்கள் சுகமாக இருந்த நாளில் இரத்தம் கொடுத்திருந்தால் அது பெரிதாக உதவாது. நோ வந்த அன்றே, சில மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். அப்போது எண்கள் கூடினால் வைத்தியருக்கு வழி தெரியும்.

அடுத்தது, நோ பித்தத்தினால்தானா என்பது. வயிற்றுப்புண், அமிலம் மேலேறுவது, கணையம் எல்லாம் அதே இடத்தில் நோவைத் தரும். 42 வயதில், அதுவும் சீனி, பிரஷர் இருந்தால், இதயத்தையும் பார்க்க வேண்டும். நெஞ்சுக்குழி நோவுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுப்பது பெரிய செலவில்லை.

குழாயின் வாயை வெட்டும் சிகிச்சை பற்றி ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் செய்து 2014 இல் வெளியான எபிசொட் என்ற ஆய்வு அது. உங்களைப்போல் பை எடுத்த பிறகு நோ இருந்தும் பரிசோதனைகளில் பெரிதாக ஒன்றும் இல்லாத 214 பேரை எடுத்தார்கள். சிலருக்கு வாயை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு மயக்கி, குழாய் விட்டு, வெட்டாமலே எடுத்தார்கள். வெட்டாதவர்களைவிட வெட்டியவர்களுக்குச் சுகம் கூடவில்லை. அப்படி வெட்டுவதற்குச் செய்யும் ஈ.ஆர்.சி.பி. சும்மா செய்து பார்க்கும் விஷயமும் இல்லை, சிலருக்குக் கணைய அழற்சி வந்து வாட்டில் கிடக்க வேண்டிவரும். ஆகவே ஹைடாவில் "கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது" என்ற ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டச் சொல்லி யாரும் உங்களைத் தள்ள விடாதீர்கள். அந்த வேகம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும், நோக் குளிசையாலும் மாறும்.

அப்படியானால் ஹைடா உங்களுக்கு உதவவே உதவாதா? ஒரு விஷயத்துக்கு உதவலாம். நெஞ்சுக்குழி எரிவும் கசப்பாகச் சத்தியும் இருந்தால், பித்தம் குடலிலிருந்து இரைப்பைக்குத் திரும்பி ஏறுகிறதா என்பதைத் திரையில் நேரே பார்க்கலாம். குடலுக்கு இறங்கிய மருந்து இடப்பக்கம் மேலேறி இரைப்பையின் வடிவத்தை வரைந்துவிடும். கொஞ்சம் ஏறுவது பலருக்கு உண்டு. நிறைய ஏறினால் அதற்கேற்ற மருந்து இருக்கிறது. ஒரு குடல் வைத்திய நிபுணரைச் சனல் பண்ணி, நோ எப்போது, என்ன சாப்பிட்ட பிறகு, எவ்வளவு நேரம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்கான் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

கேள்வி: பித்தப்பை எடுத்ததிலிருந்து அப்பாவுக்குச் சாப்பிட்டவுடன் வயிற்றோட்டம். பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறார். பித்தம் கசிகிறதா? ஸ்கான் எடுக்கவா?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: கசிவு இப்படி வராது, தம்பி. அப்பாவுக்குக் காய்ச்சல், மெலிவு, மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் எதுவும் இல்லையென்றால், பித்த அமிலம் பெருங்குடலுக்குக் கூடுதலாக இறங்குவதாக இருக்கலாம். பை எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இது வரும். இதற்கும் ஒரு அணு மருத்துவப் பரிசோதனை உண்டு. செலினியம்-75 சேர்த்த பித்த அமிலக் குளிசையை விழுங்கவைத்து, ஏழு நாள் கழித்து உடம்பில் எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். 15 சதவீதத்துக்குக் குறைந்தால் நோய் உண்டு. பிரித்தானியாவில் இது வழக்கம், அமெரிக்காவில்கூட இல்லை. அது கிடைக்காத இடங்களில் கொலெஸ்டிரமீன் என்ற தூளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்து அது. சில நாளில் வயிறு கட்டினால் காரணமும் தெரிந்துவிடும், சுகமும் கிடைக்கும். மற்றக் குளிசைகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், அப்பா அவற்றை ஒரு மணித்தியாலம் முன்னராவது நாலு மணித்தியாலம் பின்னராவது எடுக்க வேண்டும். எண்ணெயில் பொரித்ததைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். வைத்தியரிடம் மருந்தை எழுதி வாங்குங்கள், நீங்களாகவே பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.